முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு டயர்

டயர் அங்கேயே இருந்தது. டானிட்சா மருஷிச்சுக்குப் பிடிபடாமல் போனது அது ஒன்றுதான்.

லாரி டயர். பதினோரு வருடத்துக்கு முன் எரிவாயுக் குழாய் பதிக்க வந்த கப்பலின் பக்கவாட்டில், படகுகள் இடித்துவிடாமல் இருக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். கயிறு அறுந்து கடலில் விழுந்தது. முப்பத்தெட்டு மீட்டர் கீழே போய், குழாயின் தென்பக்கத்தில் சாய்ந்து நின்றுவிட்டது. குழாய் பதித்த வாரத்தில் எடுத்த படத்தில் அது இருக்கிறது: பாதி உடம்பு மணலுக்குள், மேல் விளிம்பு குழாயின் தோளில். பிப்ரவரியில் பெரும்புயல் அடித்தது. ஏப்ரலில் நீரடி ரோபோ போய் எடுத்த படத்திலும் அது இருக்கிறது. மேலே கடற்பஞ்சு வளர்ந்திருக்கிறது, ஒரு மஞ்சள் மீன் உள்ளே குடித்தனம் நடத்துகிறது. மற்றபடி அதே பாதி, அதே சாய்வு, அதே தோள்.

ஆனால் அதே ரோபோ கொண்டுவந்த எண்களோ, அந்த இடத்தில் குழாய் கரையை விட்டு விலகி, வடக்குப் பக்கமாக ஒன்று புள்ளி எட்டு மீட்டர் நகர்ந்துவிட்டதாகச் சொல்லின. குழாய் போய்விட்டதென்றால் அதன்மேல் சாய்ந்திருந்த டயர் எதன்மேல் சாய்ந்திருக்கிறது? பஸ் கிளம்பிப் போன பிறகும் அதன்மேல் சாய்ந்து நிற்கும் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் இருந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். குழாய்க்காக டானிட்சா மருஷிச் அன்று செய்த நிலைப்புக் கணக்கு பிழையானது. குழாயின் எடை போதாது. கடலடியில் அது திரும்பும் மூன்று கிலோமீட்டரையும் கல் கொட்டி மூட வேண்டும். மேற்படியாள் இதை ஒப்புக்கொள்கிறார். பெர்த் நகரத்தில் இந்தத் தொழில் செய்கிறவர்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பஸ் நிறையாது. திங்கட்கிழமை காலை காபிக்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதன்பிறகு அவள் போட்ட எந்தக் கணக்கையும் யாரும் இடது கையால்கூடத் தொடமாட்டார்கள். அதே முறையில் அவள் கணக்குப் போட்டுத் தந்த மற்ற நான்கு குழாய்களையும் தோண்டித் துருவுவார்கள். ஐம்பத்தாறு வயதில், இருபத்தெட்டு வருட வேலைக்கு அதுதான் முடிவுரையாக இருக்கும்.

அவள் கணக்கு என்னவென்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மற்றவர்களின் ஏளனமும் விளங்காது, அவளுடைய ஏளனமும் விளங்காது.

கடலுக்கு அடியில் குழாயைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிடக்காது. உள்ளே ஓடுவது வாயு, அதனால் மூடிய காலிப் போத்தல் மாதிரி மேலே வரத்தான் பார்க்கும். அதற்காகத்தான் அதற்குக் கான்கிரீட்டில் ஒரு சட்டை மாட்டுவது. சட்டை கனமானால் குழாய் அமிழும். ஆனால் அமிழ்ந்தால் மட்டும் போதாது. புயல் அலையின் கை ஆழத்துக்கும் எட்டும். மேலே அலை ஏறி இறங்கும்போது கீழே தண்ணீர் தரையோடு தரையாக முன்னும் பின்னும் இழுபடுகிறது. அது குழாயைப் பக்கவாட்டில் தள்ளும். போதாததற்கு, குழாயின் முதுகைத் தாண்டும் தண்ணீர் வேகமெடுப்பதால், விமானத்தின் இறக்கையைத் தூக்குவது போல அதை மேலேயும் தூக்கும். தூக்கத் தூக்க எடை குறையும், தரையில் உள்ள பிடியும் குறையும். பிடி குறைந்த நேரம் பார்த்து அடுத்த தள்ளல் வரும். இதையெல்லாம் எதிர்த்து நிற்பவை இரண்டே இரண்டு: எடையால் வரும் உராய்வு, குழாயின் விலாவில் அணைந்து கிடக்கும் மணல்.

பழைய கணக்குக்காரர்கள் கடல்தரையை ஒரு மேசையாக வைத்துக்கொண்டார்கள், குழாயை அதன்மேல் ஒரு பென்சிலாக. ஊதினால் பென்சில் உருளும், எனவே கனமான பென்சில் வாங்கு. முடிந்தது கணக்கு. கடற்கரையில் அலை திரும்பும் இடத்தில் ஒரு தரமாவது நின்றவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். அலை உங்களைத் தள்ளுவதற்கு முன்னால் உங்கள் குதிகாலுக்குக் கீழே இருக்கும் மணலை அரிக்கும். கால் இறங்கும். நாலு அலைக்குப் பிறகு கணுக்கால் வரை மணல் பிடித்திருக்கும், அப்புறம் தள்ளினாலும் நீங்கள் அசைவதில்லை. குழாய்க்கும் அதேதான். அதை நகர்த்தும் அளவு பலமான தண்ணீர் வருவதற்கு முன்பே, மணலை நகர்த்தும் அளவு தண்ணீர் வந்துவிடும். மணல் அரிபடும், குழாய் இறங்கும், விலாவில் மணல் ஏறும். புயலே குழாயைப் புதைத்துக் கொடுக்கிறது. இதைத்தான் டானிட்சா கணக்காகப் போட்டாள். கான்கிரீட் சட்டையைப் பாதியாகக் குறைத்தாள்.

அன்றைக்கே அதைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவர் உண்டு. டாக்டர் லூசியன் ப்ரிடோ, லண்டனிலிருந்து வரும் ஆலோசகர். மேசை, பென்சில் கட்சி. அவர் எழுதிய எதிர் அறிக்கையைக் கம்பெனி அன்று ஒதுக்கி வைத்துவிட்டது. மனிதர் அதை மறக்கவில்லை. பதினோரு வருடமாக ஒரு புயலுக்காகக் காத்திருந்தவர் போலத்தான் இந்த மே மாதம் வந்து இறங்கினார்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முப்பத்தோராம் மாடியில். குழாய்ப் பிரிவின் மேலாளர் டார்சி ஹெம்ஸ்லி கடலை எப்போதும் அந்த உயரத்திலிருந்துதான் பார்ப்பார். அங்கிருந்து தெரிவதும் கடல் அல்ல, ஸ்வான் ஆறு. அதைத் திருத்த யாரும் சிரமப்பட்டதில்லை. டானிட்சாவோடு ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர். கணக்கு வராததால் மேலே போனவர் என்பது அவளுடைய நெடுநாள் கருத்து.

ப்ரிடோ திரையில் படத்தைப் போட்டார். குழாய் கரையிலிருந்து கிளம்பி, வடகிழக்கே, அதிலும் கொஞ்சம் வடக்குச் சாய்ந்து, நேர்கோடாக ஓடுகிறது. நடுவில் ஒரு பவளப்பாறைத் திட்டு. அதைச் சுற்றிப் போக இடது பக்கம் ஏறக்குறையச் செங்கோணமாகத் திரும்பி மூன்று கிலோமீட்டர், பிறகு மறுபடி வலது திரும்பிப் பழைய திசை. நேர்ப் பகுதியில் பதித்த நாள் கோடும் இன்றைய கோடும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. திருப்பத்தில் மட்டும் பிரிந்தன. திருப்பம் தொடங்கும் இடத்தில் ஒன்றுமில்லை, கொஞ்சம் தள்ளி அரை மீட்டர், பிறகு ஒன்றரை, நடுவெல்லாம் ஒன்று புள்ளி எட்டு, மறுபடி குறைந்து குறைந்து ஒன்றுமில்லை. வில்லை வளைத்த மாதிரி அழகான வளைவு.

கருவிக் கோளாறு என்றால் இவ்வளவு வழவழப்பாக வராது, இது உண்மையாக நகர்ந்த குழாயின் வடிவம் என்றார் ப்ரிடோ. சொல்லும்போது டானிட்சாவைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார், அது ஏற்கெனவே காலியாகிவிட்டது போல.

புயலின் பெரிய அலைகள் கடலிலிருந்து கரைக்கு வந்தன, அப்படியிருக்க குழாய் எப்படிக் கரையை விட்டு விலகும் என்று அவள் கேட்டாள். திரும்பும் தண்ணீரின் இழுப்பு என்று அவர் ஒரே வரியில் முடித்தார். பிறகு அவள் டயரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

ஹெம்ஸ்லி தன் பச்சைக்கீரை சாலட் டப்பாவை மூடினார். "டானி, கப்பலை வரச் சொல்லிட்டாங்க. கல்லு ஏத்தப் போறாங்க. நீ என்கிட்ட வந்து டயர் கதை சொல்ற."

"கதை இல்ல டார்சி. டயருக்குக் காலு கிடையாது. குழாய் ஒன்னே முக்கால் மீட்டருக்கு மேல போச்சுன்னா இது எப்படிக் கூடவே போச்சு?"

ப்ரிடோ புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அவர் சூட்கேஸில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். "மேடம், புயல்ல மணலே கூழாட்டம் ஓடும்னு எழுதினது நீங்கதானே? நான் உங்க கட்டுரையைப் படிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன், முதல் தரம் நம்ப முடியல. மணலே ஓடுமாம், டயரு மட்டும் நிக்கணுமாம். உங்க கணக்குல ஓடலாம், உங்க சாட்சியில ஓடக்கூடாது, அப்படித்தானே?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அவளுக்குக் கோபம் வந்ததைவிட, அந்த வாதம் கச்சிதமாக இருந்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது. மதியத்துக்குள் அவளுக்கு அந்த மாடியில் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. டயர் டானி. அதை வைத்தவனுக்குச் சொந்தமாக வேறெதுவும் யோசிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் லிஃப்டில் காதில் விழுந்தது.

புதன்கிழமை முழுக்க அவள் தன் கணக்கில் ஓட்டை தேடினாள். நல்ல கணக்குக்காரர்கள் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள், ப்ரிடோ போன்றவர்கள் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். புயலின் அலை உயரத்தை அளந்த மிதவையின் எண்களை எடுத்தாள். அலையிலிருந்து தரைத் தண்ணீரின் வேகம், வேகத்திலிருந்து தள்ளல், தூக்கல். ரோபோவின் படத்தில் குழாய் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மணலில் இறங்கியிருந்தது, அவள் அன்று சொன்ன அளவுக்கே. அதிலிருந்து மணலின் தாங்கு பலம். எல்லாவற்றையும் மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் குழாயை அசைக்க அந்தப் புயலைப் போல இரண்டு பங்கு தேவைப்பட்டது. நாலாவது தரம் அவள் ப்ரிடோவின் மேசை, பென்சில் முறையில் போட்டுப் பார்த்தாள். அதன்படி குழாய் பதினான்கு மீட்டர் ஓடியிருக்க வேண்டும். ஒன்று புள்ளி எட்டு என்பது அவருடைய கணக்குக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் தன் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லி அவரை யார் கேட்கப்போகிறார்கள்?

பிற்பகலில் பழைய பெட்டியிலிருந்து விழுந்த பொருட்களின் பட்டியலை எடுத்தாள். குழாய் பதிக்கும் கப்பல்காரர்கள் கடலில் போட்ட குப்பைக்கெல்லாம் இடம் குறித்துத் தர வேண்டும் என்பது சட்டம். மூன்று கிலோமீட்டர் திருப்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி: டயர் ஒன்று, வடக்கே இத்தனை, கிழக்கே இத்தனை. ஏப்ரல் அளவீட்டிலும் டயருக்கு ஒரு வரி இருந்தது. கழித்துப் பார்த்தாள். டயரும் வடக்கே ஒன்றரை மீட்டர், கிழக்கே ஒரு மீட்டர் போயிருந்தது. இரண்டையும் முக்கோணத்தின் இரு பக்கமாக வைத்தால் மூலைவாட்டில் ஒன்று புள்ளி எட்டு. குழாய் போன அதே தூரம், அதே திசை, ஒரு விரல் கூடுதல் குறைச்சல் இல்லாமல்.

மணலில் பாதி புதைந்த ரப்பர் வளையமும், ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள இரும்புக் குழாயும், கைகோத்துக்கொண்டு ஒரே அளவு நடந்து போயிருக்கின்றன. புயலின் ஒரு கை அவ்வளவு நியாயமாகப் பங்கு போட்டதை அவள் பார்த்ததில்லை.

அவள் குழாயின் பழைய பாதையை டிரேசிங் தாளில் வரைந்தாள். தாளைப் புதிய படத்தின்மேல் வைத்து, ஒன்று புள்ளி எட்டு மீட்டருக்குச் சமமான அளவு மொத்தத் தாளையும் வடகிழக்காக நகர்த்தினாள். நேர்ப் பகுதி தன்மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. கோடு தன் நீளத்துக்கே நகர்ந்தால் நகர்ந்தது யாருக்குத் தெரியும்? திருப்பத்தில் மட்டும் இரண்டு கோடுகளும் பிரிந்தன. தொடங்கும் இடத்தில் ஒன்றுமில்லை, பிறகு அரை, ஒன்றரை, ஒன்று புள்ளி எட்டு, மறுபடி ஒன்றுமில்லை. ப்ரிடோவின் அழகான வில். அது குழாய் வளைந்த வடிவமே இல்லை. குழாயின் பாதை திரும்பிய வடிவம்.

அப்படியானால் நகர்ந்தது மூன்று கிலோமீட்டர் அல்ல, எண்பது கிலோமீட்டர் குழாயும் மொத்தமாக. அல்லது எதுவுமே நகரவில்லை. மொத்தமாக நகர்ந்திருந்தால் கரையில் இருக்கும் முனையும் ஒன்று புள்ளி எட்டு மீட்டர் கடலை நோக்கி இழுபட்டிருக்கும். கரைமுனையோ கான்கிரீட்டில் இறுகிக் கிடக்கிறது. ரோபோ அதை அளக்கவில்லை, ஏனென்றால் ரோபோவின் வேலை தண்ணீரில் தொடங்குகிறது. தரையை அளப்பது வேறு பிரிவு. இரண்டு பிரிவுகளும் ஒருவருக்கொருவர் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட அனுப்பிக்கொள்வதில்லை.

அவள் ஹெம்ஸ்லியிடம் போய், குழாய் கரையேறும் கராத்தாவுக்கு ஒரு நாள் போய்வர வேண்டும் என்றாள்.

"எதுக்கு?"

"கரை வால்வு இருந்த இடத்துல இருக்கான்னு பாக்க."

ஹெம்ஸ்லி அவளைப் பார்த்தார். இரக்கம் கலந்த பார்வை. ஏளனத்தைவிட அது மோசம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் காகிதம் தன் மேசையில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். போகும்போது பின்னாலிருந்து, கடற்கரையில் வேறு டயர் ஏதும் கிடந்தால் அதையும் விசாரித்து வரும்படி சொன்னார்.

வியாழக்கிழமை காலை விமானத்தில் அவளைத் தவிர எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை போட்ட தொழிலாளர்கள். இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது, ஈக்கள் வரவேற்றன. வாரிக் டனல்லன் என்ற தரை அளவையாளன் செம்மண் படிந்த வண்டியில் சாய்ந்து, அட்டைப்பெட்டியில் ஐஸ் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் சாலைக்கும் வடிகாலுக்கும் அளவெடுப்பவன். கடல்காரர்கள் மேல் அவனுக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. அந்த ஏளனம் ஒன்றுதான் அந்த வாரத்தில் அவளுக்கு இதமாக இருந்தது.

"ஏம்மா டானி, உங்க ஆபீஸ்ல எழுநூறு பேரு. ஒரு வால்வு எங்க இருக்குன்னு பாக்க நான் வேணுமா?"

எழுநூறு பேருக்கும் திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும் என்றாள் அவள். கடலில் இருப்பவர்களை விட்டு, படம் வரைகிறவர்களைக் கேட்டிருக்கலாமே என்றான் அவன். அவர்கள் படத்தை வரைவார்கள், பார்க்கமாட்டார்கள் என்றாள். வழியெல்லாம் இப்படியே பேசிக்கொண்டு போனார்கள்.

கரை வால்வு, முள்கம்பி வேலிக்குள் இரும்புக் கூண்டு. குழாய் மண்ணிலிருந்து எழுந்து வரும் இடத்தில் ஒரு கான்கிரீட் திட்டு, அதன் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குப் பித்தளைக் குமிழ் ஒன்று பதித்திருந்தது. குழாய் எங்கே கரையேறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் எண்கள் பதித்த நாள் படத்தின் மூலையில் இருந்தன, டானிட்சா அதைக் கையில் வைத்திருந்தாள். கான்கிரீட்டைச் சுற்றி வந்தாள். ஒரு கீறல் இல்லை, மண்ணில் ஒரு விரிசல் இல்லை. பதினோரு வருடச் செந்தூசு அப்படியே படிந்திருந்தது. எண்பது கிலோமீட்டர் குழாய் இதைப் பிடித்து இழுத்திருந்தால் இந்தக் கூண்டு தலைகீழாகக் கிடந்திருக்கும்.

வாரிக் கருவியின் கம்பைக் குமிழின்மேல் நிறுத்தினான். கையிலிருந்த சிறு திரையைத் தட்டினான். தட்டியவன் நிமிர்ந்து, சும்மா கேட்பது போல ஒன்று கேட்டான்.

"எந்தக் கட்டத்துல வேணும்? தொண்ணூத்தி நாலா, இருபதா?"

அவள் கையிலிருந்த படத்தின் மூலையைப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் எடு," என்றாள்.

அவன் எடுத்தான். தொண்ணூற்று நாலு கட்டத்தில் குமிழின் எண்கள் அவள் கையிலிருந்த படத்தோடு ஒரு சென்டிமீட்டர்வரை ஒத்துப்போயின. இருபது கட்டத்தில் அதே குமிழ், யாரும் தொடாத அதே குமிழ், வடக்கே ஒன்றரை மீட்டர், கிழக்கே ஒரு மீட்டர் தள்ளியிருந்தது.

இந்த நாட்டில் அளவெடுக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம் அது. ஆஸ்திரேலியா ஓரிடத்தில் நிற்பதில்லை. மொத்தக் கண்டமும் வருடத்துக்கு ஏழு சென்டிமீட்டர் வடகிழக்கே ஊர்ந்துகொண்டிருக்கிறது, வடக்குக்குக் கொஞ்சம் நெருக்கமாக. வரைபடத்தின் கட்டங்களை 1994-இல் நிலம் இருந்த இடத்தை வைத்துப் போட்டிருந்தார்கள். வருடம் ஏற ஏற வானத்துச் செயற்கைக்கோள்கள் சொல்லும் இடமும் வரைபடம் சொல்லும் இடமும் விலகிப்போயின. அதனால் 2020-இல் நிலம் இருக்கும் இடத்தை வைத்துப் புதிய கட்டம் போட்டார்கள். இருபத்தாறு வருடத்து ஊர்தல், ஒன்று புள்ளி எட்டு மீட்டர். இரண்டு கட்டங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த எண் எந்தக் கட்டத்தில் என்று பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

"எங்க சாலைப் பசங்களே முதல் வருஷம் இதுல விழுந்தானுங்க," என்றான் வாரிக் கருவியை மடக்கிக்கொண்டே. "ஒரு நடைபாதையை ஒருத்தன் வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுட்டான். ஆனா அவன் டாக்டர் பட்டம் வாங்கல."

அவள் வண்டியின் நிழலில் உட்கார்ந்து, ஏப்ரல் அறிக்கையைக் கைபேசியில் திறந்தாள். நூற்று நாற்பது பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் இருபது கட்டம் என்று இருந்தது. ப்ரிடோ அந்த மூலையைப் பார்க்கவில்லை. ஹெம்ஸ்லி எந்த மூலையையும் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை. போன அளவீடு ஐந்தாறு வருடத்துக்கு முன், பழைய கட்டத்தில். அதற்குப் பிறகு வந்தது இதுதான் முதல். எப்போது மாற்றினார்கள் என்று தேடிப் பார்த்தாள். ஜனவரியில் ஒரு படிவம் சுற்றுக்கு வந்திருந்தது: இனி எல்லாக் கடலடி அளவீடுகளும் புதிய கட்டத்தில். பழைய படங்களை மாற்றுவது பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கீழே ஒப்புதல் கையெழுத்து. வளைந்த ‘எம்’ எழுத்து, அதன் கீழே இரட்டைக் கோடு. அன்று அவள் மேசைக்கு வந்த பதினான்கு படிவங்களில் அது மூன்றாவது, கையெழுத்துப் போட்டது அவள்தான்.

மூன்று நாளாக மற்றவர்களுக்காக அவள் சேர்த்து வைத்திருந்த ஏளனத்தில் ஒரு பெரிய பங்கு இப்போது உரியவரிடம் வந்து சேர்ந்தது. அதை அவள் மறுக்கவில்லை. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து முழுதாக வாங்கிக்கொண்டாள். பிறகு ஈயைத் தட்டிவிட்டு, மடியில் நோட்டை விரித்தாள். ஏப்ரல் அளவீட்டின் எண்களைத் திருப்பத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, இருபது இடத்தில், பழைய கட்டத்துக்கு மாற்றிக் கழித்துப் பார்த்தாள். பெரிய வித்தியாசமே ஒரு சாணுக்குக் குறைவு. அந்த ஆழத்தில் ரோபோ அதைவிட நுணுக்கமாக அளக்கவும் முடியாது. கடைசியாக டயரையும் போட்டுப் பார்த்தாள். டயர் விழுந்த இடத்திலேயே இருந்தது.

ஹெம்ஸ்லியைக் கூப்பிட்டாள். ப்ரிடோ பக்கத்தில் இருக்கிறார், ஒலிபெருக்கியில் போடுகிறேன் என்றார் அவர். கையெழுத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தது குரலிலேயே தெரிந்தது. வால்வு இருக்கிறதா என்று விசாரித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவள் குமிழைப் பற்றிச் சொன்னாள். இரண்டு கட்டங்களிலும் வந்த எண்களைப் படித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ முதன்முறையாகப் பக்கத்தின் மூலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ப்ரிடோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த வில் வடிவம்... அதுக்கு என்ன சொல்றீங்க?"

"டிரேசிங் தாள் ஒன்னு எடுத்துப் பழைய பாதையை வரைங்க டாக்டர். முழுத் தாளையும் ஒன்னு புள்ளி எட்டு மீட்டர் வடகிழக்கே தள்ளுங்க. உங்க வில் அப்படியே வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வரும்."

அந்தக் கட்டம் மாற்றும் படிவத்தில் யார் கையெழுத்துப் போட்டது என்று ஹெம்ஸ்லி கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்கு எப்போதும் தாமதம் ஆனதில்லை.

"நான்தான்," என்றாள் டானிட்சா. "படிக்காமப் போட்டேன். அதை எழுதிக்குங்க. இப்ப சொல்றதையும் எழுதிக்குங்க."

எழுதுகிறார்களா என்று பொறுத்தாள். பிறகு நோட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"குழாய் நகரல. பதிச்ச நாள் படம் தொண்ணூத்தி நாலு கட்டத்துல இருக்கு, ஏப்ரல் அளவீடு இருபது கட்டத்துல இருக்கு. ஏப்ரல் எண்கள் எல்லாத்துலயும் வடக்கே ஒன்றரை மீட்டர், கிழக்கே ஒரு மீட்டர் கழிங்க. ரெண்டு கோடும் ஒன்னாயிடும். கல்லுக் கப்பலைத் திருப்பி அனுப்புங்க."